வக்கீலை விட்டுக் கட்சிக்காரரைப் பிடிப்பது

ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்கச் சட்ட நிறுவனங்கள் மீது அதிபர் டிரம்ப் 2025 மார்ச் முதல் பிறப்பித்த ஆணைகளில், அரசுக் கட்டடங்களுக்குள் நுழையத் தடை என்பதையே பலரும் பேசுகிறார்கள். உண்மையான பிடி வேறிடத்தில். அந்த ஆணைகளின்படி, அரசு ஒப்பந்தம் வைத்துள்ள கம்பெனிகள், குறிவைக்கப்பட்ட சட்ட நிறுவனத்தோடு தொடர்பிருந்தால் அரசிடம் தெரிவிக்க வேண்டும், ஒப்பந்தமே பறிபோகலாம். வக்கீலைத் தொடவே வேண்டாம், கட்சிக்காரரே கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பால் வெய்ஸ் என்ற சட்ட நிறுவனம் பணிந்தது: 4 கோடி டாலர் மதிப்புக்கு இலவசச் சட்டப் பணி, பதிலுக்கு ஆணை வாபஸ். பெர்கின்ஸ் கூயி, ஜென்னர் அண்ட் பிளாக், வில்மர்ஹேல், சஸ்மன் காட்ஃப்ரே ஆகிய நிறுவனங்கள் பணியாமல் வழக்குப் போட்டன. மே, ஜூன் மாதங்களில் நான்குமே மாவட்ட நீதிமன்றத்தில் (அங்கே மத்திய அரசு வழக்குகளின் முதல் படி) ஜெயித்தன. பெர்கின்ஸ் கூயிக்கு, ஆணை வந்த 6 நாளில் அதற்கு எதிராக இடைக்காலத் தடை கிடைத்தது. அந்தத் தடை தாமதமாகியிருந்தால், ஜெயிக்கும்போது கட்சிக்காரர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?