புதியது சொல்லும் தொழிலாளிக்குப் பதில் சொல்வது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிறுவனங்கள் தம் ஊழியர்களிடம் புத்தாக்கச் சிந்தனையை எவ்வாறு வளர்க்கலாம் என்பது பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பயிலரங்கு நடத்த வேண்டும், போட்டி வைக்க வேண்டும், சிறந்த யோசனைக்குப் பரிசு வழங்க வேண்டும் என்று கட்டுரையாளர் கூறியிருந்தார். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும், செம்பனை என்னும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வளர்ந்து செம்பனை ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட இரண்டு கேள்விகளை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். புதிய முறை ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் நாளின் சம்பள இழப்பை ஏற்பது யார்? யோசனை சொன்னவருக்குப் பதில் சொல்வது யார்? ஒரு நிறுவனத்தில் புதுமை தழைப்பதும் கருகுவதும் பெரும்பாலும் இவ்விரண்டையும் பொறுத்தே இருக்கின்றன.

ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் வாழ்பவர்கள் இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 1981-க்கு முன்பு நம் மலேசியத் தோட்டங்களில் செம்பனைக்குக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டியிருந்தது. ஆண் பூவின் மகரந்தத்தை டால்க் மாவில் கலந்து, பெண் பூ விரிந்திருக்கும் மரங்களைத் தேடித் தேடித் தூவுவார்கள். என் தாயாரும் அந்த வேலைக்குப் போனவர். வீடு திரும்பும்போது அவருடைய புருவத்திலும் காதோரத்திலும் அந்தத் தூள் அப்பியிருக்கும். மட்டை முள் கீறிய கோடுகள் முன்கை முழுவதும் இருக்கும். செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது என்று அறிந்தவர்கள் உறுதியாக நம்பிய காலம் அது. காற்றே போதுமென்றால் நம்மை எதற்குக் காட்டுக்குள் அனுப்புகிறார்கள் என்று அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வியைக் காதில் வாங்கி மேலே கொண்டுசெல்ல ஒருவரும் இருக்கவில்லை.

அதே கேள்வி வேறோரிடத்தில், பதவியில் இருந்த ஒருவருக்கும் எழுந்தது. யூனிலிவர் நிறுவனத்தின் தோட்டப் பிரிவில் இளம் நிர்வாகியாக இருந்த லெஸ்லி டேவிட்சன், 1950-களில் மலாயாவிலிருந்து ஆப்பிரிக்காவின் கமரூனுக்கு மாற்றலாகிப் போனார். அங்கே யாரும் தூள் தூவாமலேயே குலைகள் நிறையக் காய்ப்பதையும், பூக்களில் சிறு பூச்சிகள் மொய்ப்பதையும் கண்டு, இது பூச்சிகளின் வேலையாக இருக்கலாமோ என்று கேட்டார். காற்றுதான் காரணம் என்ற கருத்து அப்போது அசையவில்லை. 1970-களில் அவரே தோட்டப் பிரிவின் உயர் பொறுப்புக்கு வந்த பிறகுதான் முறையான ஆய்வுக்கு வழி பிறந்தது. பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கமரூனில் ஆராய்ந்து, எலாய்டோபியஸ் கமரூனிக்கஸ் என்னும் கூன்வண்டே மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கிறது என்று காட்டினார். பல சோதனைகளுக்குப் பிறகு 1981 பிப்ரவரியில் அந்த வண்டு இதே குளுவாங் வட்டாரத்தில் விடப்பட்டது. விரைவிலேயே கைத்தூவல் வேலை தேவையற்றதாகி, காய்ப்பும் கூடியது.

இதில் என்னை வருத்துவது இடையில் கழிந்த காலம்தான். நிர்வாகி ஒருவரின் சரியான கேள்விக்கே, அவர் கையில் அதிகாரம் வரும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததென்றால், விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், வரிசையில் நிற்பவரின் கேள்வி எங்கே போய்ச் சேரும்?

இனி சம்பளக் கணக்குக்கு வருகிறேன். தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் ஓர் அக்காள் உதிரிப்பழம் பொறுக்குபவராக இருந்தார். நன்கு பழுத்து உதிர்ந்த பழத்தில் எண்ணெய் மிகுதி. ஆனால் அதனுடன் மண்ணும் கல்லும் சருகும் கோணிக்குள் சேர்ந்துவிடும். அவர் பழைய விசிறி ஒன்றின் கம்பிக்கூட்டை எடுத்து, பலகைச் சட்டத்தில் கட்டி, பழத்தை அதில் கொட்டி இரண்டு குலுக்குக் குலுக்கினால் குப்பையெல்லாம் கீழே விழுந்துவிடும்படி ஒரு சல்லடை செய்தார். ஆலைக்கு வேண்டியது அதுதான். ஆனால் கூலியோ கோணிக் கணக்கு. சலித்தால் நேரம் போகிறது, கோணியும் சீக்கிரம் நிரம்பாது. ஆகவே நல்ல பழம் கொடுத்தவருக்குக் கூலி குறைந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவரைக் கண்டித்தார். அப்போது அங்கிருந்த துணை நிர்வாகியான சின்ன துரை இதைக் கவனித்து, சோதனைக் காலம் முழுவதும் அவருக்கு நாள் சம்பளம் கொடுக்கச் செய்து, பிறகு சலித்த பழத்துக்குக் கோணிக்குக் கூடுதல் விலை வைத்தார். அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். யாரும் பயிற்சி கொடுக்காமலேயே மற்றப் பெண்களும் சொந்தமாகச் சல்லடை செய்துகொண்டார்கள். ஒருவர் குனியாமல் நின்றே சலிக்கும்படி கால் வைத்துக் கட்டினார். இன்னொருவர் பெரிய கல் தங்கும்படி இரண்டு அடுக்குக் கம்பி வைத்தார். அந்தச் சின்ன துரை மாற்றலாகிப் போனதும் பழைய கூலிமுறை திரும்பியது. சல்லடைகள் கோழிக்குஞ்சு மூடும் கூடையாயின.

அந்தப் பெண்களின் அறிவும் கைத்திறனும் முன்னும் பின்னும் ஒன்றுதான். மாறியது நிர்வாகத்தின் கூலிக் கணக்கு மட்டுமே. எண்ணிக்கைக்கும் எடைக்கும் கூலி தரும் எந்த இடத்திலும், புதிய முறையைப் பழகும் நாட்களில் கைவேகம் குறையும், அந்த இழப்பு நேராகத் தொழிலாளியின் அடுப்பில் தெரியும். தோட்டத்தைவிட்டு வெளியேறித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 10 அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டு ஊழியர்களைக் கொண்ட முதலாளிகள் பயிற்சிக்கெனச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப்புக்குச் செலுத்துகின்றனர். அதனால் பயிற்சிக்குப் பணம் இல்லாமல் போகவில்லை. பயிற்சியிலிருந்து திரும்பியவர் கற்றதைச் செய்துபார்க்கும் நாளுக்குத்தான் பொறுப்பேற்பவர் இல்லை.

இரண்டாவது கேள்வி பதிலைப் பற்றியது. நான் அறிந்த ஓர் ஆலையில் யோசனைப் படிவம் ஒன்று இருந்தது. ஆங்கிலத்திலோ மலாயிலோ நிரப்ப வேண்டும். மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டும். யோசனையோ பெரும்பாலும் அந்த மேற்பார்வையாளர் நடத்திவரும் முறையில் உள்ள குறையைப் பற்றியதாகவே இருக்கும். கொதிகலனடியில் நிற்கும் ஒருவர் அந்தக் கையெழுத்தைக் கேட்கத் துணிவாரா? துணிந்து கொடுத்தவர்களுக்கும் ஏற்றோம் என்றோ, மறுத்தோம் என்றோ ஒரு வரி வந்ததில்லை. மறுப்பு வந்திருந்தால்கூட அடுத்த முறை திருத்திச் சொல்லியிருப்பார்கள். மௌனம் அவர்களுடைய வாயை அடைத்துவிட்டது.

டொயோட்டா நிறுவனம் 1951-இல் தொடங்கிய யோசனைத் திட்டம் இன்றுவரை நிலைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபோர்டு ஆலையில் கண்டதைத் தழுவி அமைக்கப்பட்ட திட்டம் அது. அங்கும் யோசனை மேற்பார்வையாளர் வழியாகத்தான் போகிறது. ஆனால் தொழிலாளியின் யோசனையைச் செப்பனிட்டு நிறைவேற்ற உதவுவது அந்த மேற்பார்வையாளரின் கடமைகளில் ஒன்று. குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்ற உரிமையும் அங்குண்டு. வரிசை நின்றால் இழப்பு நிறுவனத்துக்கு. அதை அறிந்தேதான் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறார்கள். ஹார்வர்ட் பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் செய்த ஆய்வொன்றில், நன்கு இணைந்து பணியாற்றிய தாதியர் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் மறைக்காமல் பேசினார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். தவறைச் சொல்ல அஞ்சும் இடத்தில் புதுமையையும் சொல்ல அஞ்சுவார்கள்.

தோட்டத்துக்கும் புத்தாக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று நினைப்பவர்கள் பிராங் பெசார் தோட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1921-இல் தொடங்கிய அந்த ரப்பர்த் தோட்டம், நல்ல பால் தரும் மரங்களைத் தேர்ந்தெடுத்து ஒட்டு ரகங்களை உருவாக்குவதைத் தன் அன்றாட வேலையாகவே வைத்துக்கொண்டது. புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ரப்பர் ரகத்தின் தாய்தந்தையருள் ஒன்றான பி.பி. 86 அங்கிருந்து வந்ததே. அந்த மண்ணில் இப்போது நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா நிற்கிறது. எந்த மரம் எவ்வளவு பால் தரும் என்பதை நாள்தோறும் சீவியவரைவிட அறிந்தவர் எவர்?

இன்றைய நிலை இன்னும் கடினமானது. அறுவடையும் உரமிடலும் பல தோட்டங்களில் குத்தகையாளர் கைக்குப் போய்விட்டன. வேலை செய்பவர் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர். நிர்வாகத்தோடு அவருக்கு நேரடித் தொடர்பே இல்லை. ஒப்பந்தம் முடிந்து அவர் ஊர் திரும்பும்போது, இந்தக் காட்டைப் பற்றி அவர் கற்றதெல்லாம் அவரோடு போய்விடுகிறது. ஆள் பற்றாக்குறையைப் பற்றிக் கவலைப்படும் நிறுவனங்கள் இந்த அறிவிழப்பைக் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

நம் தொழிலாளர்களில் மிகச் சிலரே அறிந்த ஒரு சட்டத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். மலேசியாவின் 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, புதியன கண்டுபிடிப்பது தன் வேலையில் சேராத ஓர் ஊழியர், முதலாளியின் துறை சார்ந்த ஒன்றை அவருடைய கருவிகளையோ தகவல்களையோ பயன்படுத்திக் கண்டுபிடித்தால், காப்புரிமை முதலாளியைச் சேரும். ஆனால் அந்த ஊழியருக்கு நியாயமான ஊதியம் பெறும் உரிமை உண்டு. உடன்பாடு ஏற்படாவிட்டால் நீதிமன்றம் தொகையை முடிவு செய்யலாம். வேலை ஒப்பந்தத்தில் எழுதி இந்த உரிமையைக் குறைத்துவிட முடியாது. எல்லா யோசனையும் காப்புரிமை பெறும் தகுதியுடையதாக இருக்காதுதான். எனினும் இப்படியோர் உரிமை இருப்பது தெரிந்தால், ஆலைப் பட்டறையில் எதையாவது செய்துபார்க்கும் இளைஞர் தம் பெயரையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்வார்.

ஆகவே, அச்சட்டப் பிரிவைத் தாங்கள் எளிய தமிழில் விளக்கி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், புதிய முறையைச் சோதிக்கும் நாட்களுக்கு முழு நாள் சம்பளமும், எழுத்தில் தரப்படும் ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதிலும் கேட்டுப் பெற வேண்டும். அந்த யோசனையைத் தமிழில் எழுதவும் இடம் வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற செம்பனை ஆலைப் பணியாளர்,
குளுவாங், ஜொகூர்.