இன்ஜின் சூடாவதற்குள் போய்விடு

அன்பு மகளுக்கு,

பழைய விமானங்களும் விசித்திர வண்டிகளும் ஒரே மைதானத்தில் கூடுகின்றன, பார்க்கப் போகிறேன், மனசுக்குப் பிடித்தால் ஒன்றை வாங்கவும் செய்வேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: விடிந்ததும் போய்விடு. வெயில் ஏறிக் கூட்டம் சேர்ந்த பிறகு எல்லா இன்ஜினும் சூடாகிவிடும், எல்லாமே நன்றாக ஓடும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இன்ஜினைக் கிளப்பும் முதல் சில நிமிடங்களில்தான் அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியும்.

முதலில் விமானங்கள் பக்கம் போ. ஹார்வர்ட் என்ற பழைய பயிற்சி விமானம் வந்திருந்தால் விடாதே. அதன் பிராட் அண்ட் விட்னி வாஸ்ப் இன்ஜினில் 9 சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும், 600 குதிரைத்திறன். கிளப்புவதற்கு முன் ஆட்கள் ப்ரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றுவார்கள். அது சடங்கு இல்லை. நின்றிருக்கும் நாட்களில் ஆயில் கசிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே தொங்கும் சிலிண்டர்களில் தேங்கிவிடும். காற்றை அழுத்தலாம், ஆயிலை அழுத்த முடியாது. அப்படியே ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டன் ஆயிலில் முட்டி, பிஸ்டனையும் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும். வளைந்த ராட் அன்றைக்கே உடையாமல், பல மணி நேரம் பறந்த பிறகு உடையலாம் என்பதுதான் பயங்கரம். எல்லா சிலிண்டரும் ஒரு முறையாவது கம்ப்ரெஷனை, அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் கட்டத்தை, கடக்க வேண்டும் என்பதால் கிராங்க் இரண்டு முழுச் சுற்றாவது வர வேண்டும். நடுவில் கட்டையாக நின்றால் பலம் கொடுக்கக் கூடாது. கீழ் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடிக்க வேண்டும். பின்னோக்கிச் சுற்றி விடுவிப்பது பெரும் தவறு. ஆயில் இன்டேக் குழாய்க்குள் போய் உட்கார்ந்து, இன்ஜின் கிளம்பியதும் மறுபடி உள்ளே இழுக்கப்படும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்த பிறகும் முதலில் வெள்ளையும் நீலமுமாகப் புகை கக்கும். அது இயல்பு, கவலைப்படாதே.

டைகர் மாத் விமானத்தைக் கையால் ப்ரொப்பெல்லரை வீசித்தான் கிளப்புவார்கள். 1931 அக்டோபர் 26 அன்று முதன்முதலில் பறந்த ரகம் அது. ஆரம்பத்தில் வந்தபடியே இருந்தால் சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. கட்டைகள்தான் பிடித்து நிறுத்தும். விமானி அறையில் இருப்பவரும் வெளியே நிற்பவரும் சுவிட்ச் போட்டிருக்கிறதா, அணைத்திருக்கிறதா என்று ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்வதைக் கவனி. சுவிட்சை அணைப்பது என்றால், பிளக்குக்குப் பொறி தரும் மேக்னட்டோவின் மின்சாரத்தை ஒரு கம்பி வழியே இன்ஜின் உடலுக்கு இறக்கிவிடுவது. அந்தக் கம்பி அறுந்திருந்தால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் மேக்னட்டோ பொறி தட்டும். ஆகவே நின்றுகொண்டிருக்கும் ப்ரொப்பெல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே நினை. அதன் வட்டத்துக்குள் நின்று போட்டோ எடுக்காதே, தொடாதே. இறக்கையில் போர்த்தியிருப்பது துணி என்பதால் விரலால் அழுத்திப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்.

முதல் உலகப் போர்க்கால ரோட்டரி இன்ஜின் ஏதாவது ஓடினால், அதன் புகையைக் காற்று அடித்துக்கொண்டு வரும் பக்கம் நின்று மோந்து பார். விளக்கெண்ணெய் மணக்கும்! அந்த இன்ஜினில் கிராங்க் அசையாமல் நிற்க, சிலிண்டர்கள்தான் ப்ரொப்பெல்லரோடு சுழலும். பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகவே போகிறது. சாதாரண எண்ணெய் பெட்ரோலில் கரைந்து ஓடிவிடும், விளக்கெண்ணெய் எளிதில் கரையாது. எரிந்ததும் எரியாததுமாக வெளியே போகும் அந்த எண்ணெய், விமானி முகத்தில்தான் அடிக்கும்.

விசித்திர வண்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200. மூன்று சக்கரம், 191 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அதில் ரிவர்ஸ் கியர் இல்லை. இன்ஜினை நிறுத்தி, சாவியை இன்னும் உள்ளே அழுத்தித் திருப்பினால், இன்ஜினே எதிர்த்திசையில் கிளம்பும். முன்னால் போக இருக்கும் நான்கு கியரும் பின்னால் போகவும் கிடைக்கும். உரிமையாளரிடம் இரு பக்கமும் கிளப்பிக் காட்டச் சொல். பெட்ரோலில் 25க்கு 1 என்ற கணக்கில், அதாவது லிட்டருக்கு 40 மில்லி, ஆயில் கலக்க வேண்டும். நாள்பட நின்றால் பெட்ரோல் ஆவியாகி, அந்த ஆயில் கார்புரேட்டரில் பிசினாய்ப் படிந்து ஜெட் என்னும் சிறு துளையை அடைக்கும்.

பிஎம்டபிள்யூ இஸெட்டாவுக்கு முன்பக்கமே கதவு. ஸ்டியரிங் தண்டும் கதவோடு சேர்ந்து வெளியே வரும், எனவே அடியில் இருக்கும் இணைப்பில் ஆட்டம் இருக்கிறதா என்று பார். தண்ணீரிலும் போகும் ஆம்ஃபிகாரைப் பார்த்தால், கடைசியாக எப்போது தண்ணீரில் இறங்கியது, அதன் பிறகு கிரீஸ் அடித்தார்களா என்று கேள். அதற்குப் பதில் தடுமாறினால், அடித்தகட்டில் துருவைத் தேடு.

மாற்றிக் கட்டிய கார்களில் பெயின்ட் பளபளப்பைக் கடைசியில் பார். தாழ்த்தி இறக்கிய காரில், ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராட் சாய்ந்துபோயிருக்கும். சஸ்பென்ஷன் ஒரு வளைவிலும் டை ராட் வேறொரு வளைவிலும் ஏறி இறங்கும்போது, பள்ளம் வரும் ஒவ்வொரு முறையும் சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்டியரிங்கை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, உரிமையாளர் அனுமதியோடு முன்பக்கத்தை அழுத்தி விடு. சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பினால் அமைப்பு சரியில்லை. கூரையைத் தாழ்த்திய காரில் கண்ணாடி எப்படி மாற்றினார்கள் என்று கேள். சூடாக்கிக் கெட்டிப்படுத்திய டஃபன்ட் கண்ணாடியை வெட்ட முடியாது, தூளாகிவிடும். துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கொண்டு போ. இரும்பு பாடியில் அது ஒட்டாத இடத்தில், பள்ளத்தை மறைக்கப் பூசும் பட்டி தடிமனாக இருக்கிறது.

வாங்க நினைத்த வண்டியின் இன்ஜினை, கிளப்புவதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பார். வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள், மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிடு. குளிரில் கிளம்பியதும் சில நொடி நீலப் புகை வந்து நின்றால் வால்வ் சீல் தேய்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங். இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், கூலன்ட் உள்ளே போகிறது. சந்தேகம் இருந்தால் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்: எல்லா பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து அளக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்து, அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட்.

வருஷக்கணக்காக நின்ற வண்டியே உனக்கு அமைந்துவிட்டால் எடுத்ததும் பேட்டரியில் கை வைக்காதே. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்கு 10 மில்லி ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடு. மறுநாள் கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுழலும் திசையிலேயே கையால் சுற்று. இரண்டு சுற்று தடையில்லாமல் வந்த பிறகு இன்ஜின் ஆயிலை மாற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் முள் எழும் வரை பார். பழைய பெட்ரோலை டேங்கிலிருந்து முழுக்க இறக்கிவிட்டு, தனி டப்பாவிலிருந்து புதுப் பெட்ரோலைக் கொடு. ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்று. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும், கசிந்தால் தீ. பிரேக் திரவத்தையும் ஹோஸையும் மாற்றாமல் வண்டியை ஓர் அடி கூட நகர்த்தாதே. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்; 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் பத்து வருஷம் தாண்டிய டயரை நம்ப வேண்டாம்.

டார்ச் லைட், காந்தம், பழைய துணி மூன்றையும் பையில் வைத்துக்கொள். எந்த வண்டி வாங்கினாலும், குளிரில் கிளம்பும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா