கைடு போதும் என்றால் எம்.ஏ. எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

எம்.ஏ. வரலாறு முடித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். டிஎன்பிஎஸ்சி, முதுநிலை ஆசிரியர் தேர்வு, அருங்காட்சியகம், சுற்றுலா... சரிதான். அந்த இரண்டு வருடத்தில் என்ன கற்றுக்கொள்கிறோம் என்பதைத்தான் விட்டுவிட்டீர்கள். அஞ்சல் வழியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவள் என்பதால் எழுதுகிறேன்.

ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஊர் வாரியத்துக்கு (நிர்வாகக் குழுவுக்கு) ஆள் எடுத்த குடவோலை முறையைப் பள்ளியில் படித்தோம், பி.ஏ.வில் படித்தோம், இப்போதும் படிக்கிறோம். பரீட்சைக்கு நிச்சயம் வரும் என்பார்கள். அதைச் சொல்லும், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உத்திரமேரூர்க் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. வாரியத்தில் உறுப்பினனாக இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய உறவுக்காரர்களும் நிற்கக் கூடாது என்று விலாவாரியாகச் சொல்பவை. (இன்றைக்கு அப்படி விதி வந்தால் வேட்பாளருக்கு எங்கே போவது!) அந்தக் கல்வெட்டில் ஒரு வரியைப் படிக்கச் சொன்னால் எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. எழுத்தின் வடிவம் மாறியிருக்கிறது, நடுவே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வரும், அவ்வளவுதான். பழகினால் பிடிபட்டுவிடும். பழக்கிவிடத்தான் ஆளில்லை.

வரலாற்றை எப்படி எழுதுவது என்பதைச் சொல்லும் வரலாற்று வரைவியல் என்று ஒரு தாள் உண்டு. மூலச் சான்று (அந்தந்தக் காலத்துக் கல்வெட்டு, ஆவணம் போன்றவை), அகத் திறனாய்வு (அது சொல்வது நம்பத்தக்கதா என்று பார்ப்பது), புறத் திறனாய்வு (அது உண்மையான ஆவணம்தானா என்று பார்ப்பது) என்று வரையறைகளை மனப்பாடம் செய்து எழுதினால் முதல் வகுப்பே வாங்கலாம். ஒரு மூலச் சான்றைக்கூடக் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 17ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகள் இருக்கின்றன. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. தஞ்சை மராத்தியர் ஆவணங்கள், மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி என்ற பழைய எழுத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்க, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். நாங்களோ நாலு புத்தகத்தைப் புரட்டி, டைப் அடித்து, பைண்டிங் போட்டுக் கொடுத்து ப்ராஜெக்டை முடித்துவிடுகிறோம். டைப் அடிக்கும் கடைக்காரருக்கு எங்களைவிட வரலாறு அதிகம் தெரிந்திருக்கும்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களிடம் களப்பணி கேட்க முடியுமா என்பார்கள். ஆய்வகத்துக்குள் நுழையாமல் இயற்பியல் பட்டம் கொடுப்பார்களா? எங்கள் ஊர்க் கோயில்களிலேயே படிக்காத கல்வெட்டு எத்தனையோ உண்டு. ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு கல்வெட்டையோ பழைய பத்திரத்தையோ நேரில் படித்து, அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பத்துப் பக்கம் எழுதச் சொல்லட்டும். கைடைப் பார்த்து எழுதித் தரும் ஒப்படைப்புக்கு இப்போது கொடுக்கிற உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணை இதற்குக் கொடுத்தால் போதும்.

– எம்.ஏ. மாணவி ஒருத்தி,
தஞ்சாவூர் மாவட்டம்.