நான்கு மணி மேடைக்கு நாற்காலி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உள்ளூர் இசைக் குழுக்களின் மேடை நிகழ்ச்சிகளையும் ஆண்டுதோறும் நடக்கும் பீர் விழாக்களையும் நெடுநாள் நண்பர்களோடு சேர்ந்து அனுபவித்துவரும் 68 வயது வாசகன் நான். அத்தகைய விழாக்களில் மாலை 4 மணிக்கு மேடையேறும் குழுக்கள் நடத்தப்படும் விதம் குறித்தும், அந்த நேரத்தில் வரும் எங்களைப் போன்றவர்களுக்கு உட்கார ஓர் இடம்கூட இல்லாதது குறித்தும் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன். பீர் என்ற சொல்லைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிட எண்ணுபவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இது பெரும்பாலும் பாட்டைப் பற்றிய கடிதம்தான்.

நாங்கள் நான்கு பேர். 1975இல் சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் ஒரே படைப்பிரிவில் இருந்தபோது தொடங்கிய நட்பு இது. ஒருவர் சீனர், ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் யுரேசியர், நான்காவது ஆள் நான். யுரேசிய நண்பர் இளமையில் ஒரு குழுவில் பாஸ் கித்தார் வாசித்தவர். நீண்ட முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியாகத்தான் சேவை வழங்கப்படும் என்று அஞ்சலகங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் அறிவிப்பு தொங்கிய அந்தக் காலத்தில், ராணுவ முகாமில் மொட்டையடிக்கப்பட்டதால் தமக்கு வரிசையில் நேரம் மிச்சமானதாக இன்றும் சொல்லிச் சிரிப்பார். மலாய் நண்பர் மது அருந்தாதவர். பீர் விழாவுக்கு அவர் வருவதில்லை, நாங்களும் வற்புறுத்தியதில்லை. ஆகவே பூமலை எனும் தாவரவியல் பூங்காவின் ஏரிக்கரை மேடையில் நடக்கும் இலவச இசை நிகழ்ச்சிகளுக்கும் எஸ்பிளனேட் கலை அரங்கத்தின் வெளியரங்குக்கும் நால்வராகச் செல்வோம். பீர் விழாவுக்கு மூவராகச் செல்வோம். மறுநாள் காலை கோப்பிக்கடையில் அந்த நான்காமவருக்கு எந்தக் குழு எப்படி வாசித்தது என்று ஒப்புவிப்பது எங்கள் கடமை.

நான் வளர்ந்தது குவீன்ஸ்டவுனில். இசையும் பீரும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்று நினைப்பவர்கள் எங்கள் வட்டாரத்தின் கதையைக் கேட்க வேண்டும். ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனமும் ஹைனெக்கனும் கூட்டாக 1931இல் தொடங்கிய மலாயன் புரூவரீஸ், மறு ஆண்டு டைகர் பீரை விற்பனைக்கு விட்டது. ஏறத்தாழ அதே சமயத்தில் ஜெர்மானியர்கள் அலெக்சாண்டிரா வட்டாரத்தில் ஆர்க்கிபெலகோ புரூவரி கம்பெனி (ஏபிசி) என்ற ஆலையை அமைத்து ஆங்கர் பீரைத் தயாரித்தார்கள். அங்கே இன்று நிற்கும் ஆங்கர்பாயிண்ட் கடைத்தொகுதியின் பெயரும், ஏபிசி பிரிக்வொர்க்ஸ் உணவங்காடி நிலையத்தின் பெயரில் உள்ள முதல் மூன்று எழுத்துகளும் அந்த ஆலை விட்டுச்சென்றவை. அங்கு வரிசையில் நின்று சாப்பாடு வாங்கும் இளையர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ, தெரியவில்லை. பிறகு பீர் தயாரிப்பு துவாஸுக்குப் போய்விட்டது. அதே குவீன்ஸ்டவுனின் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'குவெஸ்ட்ஸ்' குழுதான், 1964இல் பீட்டில்ஸையே பின்னுக்குத் தள்ளி உள்ளூர் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

என் அண்ணன் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் வாசற்படியில் அமர்ந்து காலணிக்குப் பளபளப்பு ஏற்றத் தொடங்குவார்; அப்பா செய்தித்தாளைச் சற்று உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். ஆர்ச்சர்ட் ஹோட்டலின் கோல்டன் வீனஸ் போன்ற இடங்களில் ஞாயிறு பிற்பகலில் நடந்த 'டீ டான்ஸ்' நிகழ்ச்சிகளுக்குத்தான் அந்த ஏற்பாடெல்லாம். உள்ளூர்க் குழுக்கள் வாசிக்க, இளையர்கள் ஆடிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார்கள். அதாவது, இந்த ஊரில் மேடை இசை பகல் வெளிச்சத்தில்தான் வளர்ந்தது. இரவு 8 மணிக்கு முன் வாசிப்பவர்கள் முக்கியமானவர்கள் அல்லர் என்ற எண்ணம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த எண்ணம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதை அண்மையில் ஒரு விழாவில் கண்ணால் பார்த்தேன். விழாவின் பெயரை எழுதப்போவதில்லை. 4 மணிக்கு நம் தமிழ் இளையர்கள் ஐவர் மேடையேறினார்கள்: கீபோர்ட், கித்தார், டிரம்ஸ், தபேலா, பாடகி. மேடைக்கு முன்னால் எங்களையும் சேர்த்து இருபது பேர் இருந்திருப்போம். மேடைக் கூரை பின்பாதியை மட்டுமே மறைத்தது. தபேலாக்காரர் முன்வரிசையில் வெயிலில் அமர்ந்திருந்தார். வெயில் பட்டால் தோல் இறுகிச் சுருதி ஏறிவிடும் என்பது அந்த வாத்தியத்தைத் தொட்டவர் எவருக்கும் தெரியும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவர் சிறு சுத்தியலை எடுத்து, தோலின் விளிம்பைக் கீழிருந்து மேலாக ஒரு சுற்றுத் தட்டிச் சுருதியை இறக்குவார். அடுத்த பாட்டின் பாதியில் அது மீண்டும் ஏறிக்கொள்ளும். மூன்றாவது பாட்டில் பாடகி தாழ்ந்த குரலில் விருத்தம்போல் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தபோது, இரவு வரவிருந்த குழுவின் டிரம்ஸை ஒலிப்பணியாளர் ஒருவர் பின்னால் நின்று 'டம், டம்' என்று சோதிக்கத் தொடங்கினார். பாடகி நிறுத்தவில்லை. அந்த 'டம்'முக்கு ஏற்பத் தாளத்தை மாற்றிக்கொண்டு தபேலாக்காரர் அவரைக் கரையேற்றியதை நான் எளிதில் மறக்கமாட்டேன். எங்கள் பாஸ் கித்தார் நண்பர், பொதுவாக எதற்கும் கைதட்டாதவர், கையிலிருந்த கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் கைதட்டினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் தம்பியிடம் பேசினேன். "வெயில்ல வெச்சா அது சொன்ன பேச்சைக் கேக்காது அங்கிள்" என்று சிரித்தார். எட்டு மணிக்கு நேரம் ஒதுக்கியிருந்தால் இன்னும் கூட்டம் வந்திருக்குமே என்றேன். எட்டு மணிக்கு வெளிநாட்டிலிருந்து வரும், ஊரறிந்த பழைய பாடல்களைப் பாடும் குழுவுக்குத்தான் இடம் என்றார். அதில் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இருந்தது.

மூத்தோர் எட்டு மணிக்கே வரலாமே என்று ஏற்பாட்டாளர்கள் கேட்கக்கூடும். வரலாம்தான். ஆனால் எங்கள் மூவரில் ஒருவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஒருவர் இரவு மாத்திரையை 9 மணிக்குள் போட்டாக வேண்டும். எனக்குச் செவிக்கருவி உண்டு, இரவு நிகழ்ச்சியின் பேரொலியில் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. நண்பர்களோடு போவதன் சுகமே ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் பேசிக்கொள்வதில்தான் இருக்கிறது. நான்கு மணி நிகழ்ச்சியில்தான் அது சாத்தியமாகிறது. பகல் நேரக் குழுக்களுக்கு எங்களைவிடக் கவனமாகக் கேட்கும் கூட்டம் கிடைக்காது என்பதையும் சற்றுத் தற்பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

பீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் அங்கே குடித்துத் தள்ளுவதில்லை. தள்ளவும் முடியாது. பீரில் உள்ள மதுசாரத்துக்கு லிட்டருக்கு 60 வெள்ளி உற்பத்தி வரி என்று 2014ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் உயர்த்தியது. 5 விழுக்காடு மதுசாரம் கொண்ட 330 மில்லிலிட்டர் பீரில் இது ஏறத்தாழ ஒரு வெள்ளி ஆகிறது; இறக்குமதிச் சரக்கென்றால் சுங்கத் தீர்வை தனி, பிறகு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. விழாவின் கூடார வாடகையும் சேர்ந்துகொள்ள, ஒரு கோப்பையை மூவரும் மாற்றி மாற்றிச் சுவைத்து, இதில் ஆரஞ்சுத் தோல் வாசம் இருக்கிறது, இல்லை கொத்தமல்லி விதை வாசம் என்று வாதிடுவதே எங்கள் வழக்கம். சீன நண்பர் ஒருமுறை ஒரு கறுப்பு பீரைக் குடித்துவிட்டு, தம் பாட்டி காய்ச்சிய மருந்துக் கஷாயம் இதைவிடத் தேவலாம் என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டார்.

நம் சமூகத்தில் இதைப் பற்றி வாய்திறப்பது அரிது. குடியால் அழிந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறோம். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரமும், அதன்பின் 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் நம் நினைவில் இருக்கின்றன. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் காரணமாக, நம் பிள்ளைகள் திறமையாக வாசிக்கும் ஒரு மேடையின் பக்கம் நம் பெரியவர்கள் எட்டிப்பார்க்காமல் இருப்பது அந்தப் பிள்ளைகளுக்கு நட்டம். அன்று என் கோவில் நண்பர் ஒருவரைத் தற்செயலாக அங்கே பார்த்தேன். என்னைக் கண்டதும் கையிலிருந்ததை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அது எலுமிச்சைச் சாறு என்று பிறகுதான் தெரிந்தது.

எனவே, விழா ஏற்பாட்டாளர்களை நான் கேட்டுக்கொள்வது பெரிய செலவு வைக்கும் காரியம் அன்று. மேடைக் கூரையை முன்னால் பத்தடி நீட்டுங்கள். ஒரு குழு வாசித்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு குழுவின் கருவியைச் சோதிக்காதீர்கள். நிழல் விழும் பக்கமாக இரண்டு வரிசை நாற்காலி போடுங்கள். எஸ்பிளனேட் வெளியரங்கில் காசு கொடுக்காமலே உட்கார்ந்து கேட்க முடிகிறபோது, நுழைவுச்சீட்டு வாங்கிய இடத்தில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருப்பது வேடிக்கையாக இருக்கிறது. அடுத்த விழாவுக்கு மடக்கு நாற்காலி கொண்டுவரலாமா என்று மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிருந்தேன். பாதுகாப்புக் காரணங்களால் அனுமதி இல்லை என்றும், இரவு 8 மணி நிகழ்ச்சியைத் தவறவிட வேண்டாம் என்றும் பதில் வந்தது.

இப்படிக்கு,
குவீன்ஸ்டவுன் வாசகர்