மரப்பொந்தோடு நின்றுபோன படம்: பழுதான டிவிடி குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பழுதான டிவிடியை மாற்றித் தராமல் மூன்று மாதங்களாக அலைக்கழிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் குடியாத்தத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1835-இல் எழுதிய சிக்கிமுக்கிப் பெட்டிக் கதையை வைத்துக் கிழக்கு ஜெர்மனியில் 1959-இல் எடுத்த படத்தின் டிவிடியை ஏப்ரலில் உங்களிடம் 649 ரூபாய்க்கு வாங்கினேன். போர்வீரன் சூனியக்காரியைச் சந்தித்து, அவள் சொற்படி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மரப்பொந்துக்குள் இறங்கும் இடத்தில் படம் உறைந்து நின்று, பிறகு அவன் ஊருக்குள் காசை வாரி இறைக்கும் காட்சிக்குத் தாவிவிடுகிறது. நீங்கள் விற்கும் படம் என்பதால், நடுவில் போனது எது என்று நான் விளக்கத் தேவையில்லை. பொந்துக்குள் காசுப் பெட்டிகளைக் காப்பவையும், பிறகு சிக்கிமுக்கிப் பெட்டியைத் தட்டினால் ஓடிவருபவையுமான அந்த மூன்று நாய்களும் இல்லாமல் இந்தக் கதை ஏது?

தீப்பெட்டித் தொழிலை நம்பி வாழும் ஊர் எங்களுடையது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கதையை முன்பே சொல்லி, ஆவலைத் தூண்டி, மே விடுமுறையில் என் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டேன். தீப்பெட்டி ஒட்டும் வீட்டுச் சிறுவன் ஒருவன் காலிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி, "ஒரு தட்டு தட்டினா செப்புக்காசு நாய் வரும்னு சொன்னீங்களே தாத்தா, எங்க?" என்று கேட்டான். முப்பத்தாறு ஆண்டுகள் பாடம் சொன்ன எனக்கு அன்று பதில் வரவில்லை. அந்தப் பிள்ளைகளின் விடுமுறையையே நீங்கள் பாழாக்கிவிட்டீர்கள்.

ஜூன் 12-ஆம் தேதி, கொளுத்தும் வெயிலில் பேருந்தேறி, வேலூரிலுள்ள உங்கள் சேவை மையத்துக்கு வந்தேன். இரண்டு மணி நேரம் நிற்கவைத்த பிறகு, அங்கிருந்த ஊழியர் டிவிடியை உறையிலிருந்து எடுத்துக்கூடப் பார்க்காமல் மேசைமேல் தள்ளிவிட்டு, "சூனியக்காரி படத்துக்கு இவ்வளவு தூரம் வந்தீங்களா பெரியவரே, போன்ல பாத்துக்கங்க" என்றார். என் வயதுக்குக் கொடுக்கும் மரியாதை இதுதானா? அதற்கு முன், தொலைபேசியில் நான்கு முறை புகார் எண் வாங்கி, நான்கு முறையும் "48 மணி நேரத்தில் சரியாகிவிடும்" என்ற பதிலையே பெற்றேன். ஒருமுறை மாற்று டிவிடி வந்ததும் உண்மை. ஆனால் அது இதே கதையை வைத்து டென்மார்க்கில் 1946-இல் வந்த கார்ட்டூன் படம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உங்கள் கிடங்கில் ஒருவருக்குமா தெரியாது? அந்த ஊழியர் மேசைமேல் தள்ளிய விதம் இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

சண்டை போடுவது என் நோக்கமன்று. சரியான படத்தின் பழுதற்ற டிவிடியையும், அந்த ஊழியரின் எழுத்துமூலமான மன்னிப்பையும், எனக்கு ஏற்பட்ட அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஈடாக 25,000 ரூபாயையும் 15 நாட்களுக்குள் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன். உங்கள் தலைமையகம் எங்கிருந்தாலும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இந்த விலைப் பொருளுக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது. ரசீது, பேருந்துச் சீட்டுகள், புகார் எண்கள் அனைத்தின் நகல்களையும் இணைத்துள்ளேன். பிள்ளைகள் இன்னும் அந்த நாய்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குடியாத்தம்