வகைப்பாட்டுக்கு முன் உறவைச் சொல்லுங்கள்

உயிரியல் பாடநூல்களை எழுதும் பெருமக்களுக்கு,

வணக்கம். உங்கள் நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான். பரிணாமப் பாடத்தை வகைப்பாட்டுப் பாடத்துக்கு முன்னால் கொண்டுவாருங்கள்.

உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று ஏழு படிகளையும் பிள்ளைகள் முதலில் நெட்டுருப் போடுகிறார்கள். பரிணாமம் எங்கோ கடைசியில் வருகிறது. திமிங்கலத்தை ஏன் பசுவோடு சேர்க்கிறோம் என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். பாலூட்டுகிறது, நுரையீரலால் சுவாசிக்கிறது என்று அடுக்கினேன். அவள் கேட்டதோ காரணம்; நான் கொடுத்தது பட்டியல். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

வகைப்பாட்டுக்கு அடித்தளமிட்ட லின்னேயஸே 1735-இல் தம் நூலில் திமிங்கலத்தை மீன்களோடுதான் வைத்திருந்தார். அந்நூலின் 1758-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில்தான் அது பாலூட்டிகளிடம் வந்து சேர்ந்தது. பண்புகளைக் கூர்ந்து பார்த்து அவர் இடம் மாற்றினார். அந்தப் பண்புகள் எங்கிருந்து வந்தன என்பது அன்று தெரியாது. இன்று தெரியும். மாடு, மான், நீர்யானை ஆகியவற்றின் கணுக்காலில் இருபுறமும் கப்பிபோல் அமைந்த ஓர் எலும்பு உண்டு. அதே எலும்பு, கால்களோடு வாழ்ந்த பழந்திமிங்கலங்களின் புதைபடிவங்களிலும் கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் நடந்த விலங்குகளின் வாரிசுதான் திமிங்கலம். இன்று உயிரோடிருப்பவற்றில் நீர்யானையே அதற்கு நெருங்கிய சொந்தம் என்பதை மரபணுக்களும் சொல்கின்றன. இதை முதலில் சொல்லிவிட்டால் 'பாலூட்டிகள்' என்ற சொல்லை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலைக்குப் பல்லியைவிடப் பறவை நெருக்கம். காளானுக்குத் தாவரத்தைவிட விலங்கு நெருக்கம். கண்ணுக்குத் தெரியும் சாயலை மட்டும் நம்பினால் இவை பிடிபடாது.

இன்னொன்று. குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் அந்த வரிசைப் படத்தை நீக்கிவிடுங்கள். டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலில் இருந்த ஒரே படம், கிளை கிளையாகப் பிரியும் கோடுகள்தான், ஏணி அல்ல. சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. பொது மூதாதையிடமிருந்து இரு கிளைகளாகப் பிரிந்து வந்தவர்கள் நாம். "மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?" என்று ஒவ்வோர் ஆண்டும் எழும் கேள்விக்கு அந்த ஏணிப் படமே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

உயிரியலாளர் விட்டேக்கர் 1969-இல் எல்லா உயிர்களையும் பிரித்து வகுத்த ஐந்து உலகங்களை முடிந்த முடிவுபோல் அச்சிடுகிறீர்கள். 1977-இலேயே நுண்ணுயிரியலாளர் கார்ல் வூஸ், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட தனிப் பிரிவு என்று காட்டிவிட்டார். வகைப்பாடு திருத்தப்பட்டுக்கொண்டே வருவது என்ற ஒரு வரியையாவது சேருங்கள்.

பயிற்சி வினாக்களிலும் ஒரு மாற்றம் வேண்டும். சுறா, தவளை, பல்லி, முதலை, புறா என்று ஐந்து பெயர்களைக் கொடுத்து, உறவு மரம் வரையச் சொல்லுங்கள். புறாவை எந்தக் கிளையில் வைப்பது என்று பிள்ளைகள் தமக்குள் வாதாடட்டும்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்