ஜன்னலோர சீட்டு

கோத்தகிரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதமும் நீ கூட வைத்து அனுப்பிய கதையும் வியாழக்கிழமை கிடைத்தன. அன்றிலிருந்து விடாமல் மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. டிவி ஓடாத வீட்டில் அப்பாவுக்கும் எனக்கும் உன் நண்பரின் கதைதான் பேச்சு.

கருத்து சொன்னதிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கேட்டிருக்கிறாய். பெரிய தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் எழுதியது எட்டு வாக்கியம், நீ எழுதியது ஒன்றரைப் பக்கம். அதைப் பார்த்ததுமே மனிதர் மிரண்டிருப்பார்.

கதையை இங்கே ஒருமுறை எழுதிக்கொள்கிறேன். கையால் எழுதினால்தான் எனக்குப் பிடிபடும்.

"மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரிக்குக் கடைசி பஸ். கிழவர் ஏறி இரண்டு டிக்கெட் வாங்கினார். ஜன்னலோர சீட்டைக் காலியாக விட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். பர்லியாறில் ஏறிய ஒருவன் அங்கே உட்காரப் பார்த்தான். 'ஆள் இருக்கு' என்றார். பஸ் வளைவு வளைவாக ஏறியது. குளிர் தட்டியதும் கிழவர் எட்டி ஜன்னல் கண்ணாடியைச் சாத்தினார். அவர் மனைவி இறந்து அன்றோடு ஒரு வருடம்."

அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைச் சாத்தும் இடத்தில் அப்பா, "அவளுக்குக் குளிரும்ல" என்றார். கடைசி வரியை நான் இன்னும் வாசிக்கவே இல்லை, பார்த்துக்கொள். (இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு நாளாவது ஜன்னல் சீட்டு விட்டிருக்கிறாரா என்று கேட்காதே. அவருக்கு வளைவில் குமட்டுமாம்.)

நீ எழுதிய முதல் குறை, "முடிவு முன்பே தெரிந்துவிட்டது." நிஜம்தான். ஆனால் ஏன் தெரிந்தது? ஜன்னலைச் சாத்தும் இடத்திலேயே உன் நண்பர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அதுவும் அழகாக. அப்புறம் நமக்குப் புரிந்ததோ இல்லையோ என்று பயந்து கடைசி வரியைப் போட்டுவிட்டார். "முடிவு பலவீனம்" என்றால் அவர் என்ன செய்வார்? உட்கார்ந்து இன்னொரு முடிவு யோசிப்பார், பேய், விபத்து என்று எதையாவது கொண்டுவருவார். "எனக்கு ஜன்னலிலேயே புரிந்துவிட்டது" என்று சொல்லியிருந்தால், அந்த வரியை அவரே அடித்திருப்பார். எந்த இடத்தில் உனக்கு என்ன ஆனது என்பதைச் சொல். மதிப்பெண் போடுவது வேறு வேலை.

குறுந்தொகைப் பாட்டு நான்கிலிருந்து எட்டு அடிதான். யார் யாரிடம் சொன்னது என்ற கூற்றுக் குறிப்பு பாட்டுக்கு வெளியே நிற்கும். தொகுத்தவர்கள் பின்னால் சேர்த்தது. உன் நண்பர் அந்தக் குறிப்பைப் பாட்டுக்குள்ளேயே எழுதிவிட்டார், அவ்வளவுதான் விஷயம். வார இதழ்களில் ஒரு பக்கக் கதை படித்து வளர்ந்த நம் எல்லோருக்கும் கடைசி வரியில் ஒரு சுளீர் வேண்டும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

இரண்டாவது, "மனைவியின் பாத்திரம் போதவில்லை." இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜன்னல் பக்கம் பிடிக்கும், குளிர் தாங்காது. ஐம்பது சொல்கூட இல்லாத கதையில் ஒரு பெண்ணைப் பற்றி இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? நாவலுக்குக் கேட்கிற கேள்வியை இங்கே கேட்டிருக்கிறாய். மூன்றாவது, கண்டக்டர் பார்வையில் சொல்லலாம் என்றது. அது நீ எழுத வேண்டிய கதை. எழுது, நன்றாகத்தான் வரும்.

சொல் எண்ணிக்கை பற்றியும் கேட்டிருந்தாய். கதை 55 சொல்லில் முடிய வேண்டும் என்ற இந்தக் கணக்கு அமெரிக்காவில் வந்தது. கலிபோர்னியாவில் நியூ டைம்ஸ் என்ற வாரப் பத்திரிகை 1987இல் வைத்த போட்டி அது. ஆங்கிலத்துக்கு அது சரி. நம் மொழியில் 'போய்க்கொண்டிருந்தவனிடமிருந்து' என்பது ஒரே சொல்! சேர்த்து எழுதினால் ஒரு கணக்கு, பிரித்து எழுதினால் வேறு கணக்கு. உங்கள் கதைக் குழுவில் யாராவது விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால், விட்டுவிடச் சொல்.

ஒரு தகவல் பிழையும் இருக்கிறது, நீ கவனிக்கவில்லை. பர்லியாறு குன்னூர் போகிற ரோட்டில் இருக்கிறது. கோத்தகிரி பஸ் குஞ்சப்பனை வழியாக வரும். மலைக்காரர்கள் யார் படித்தாலும் அந்த இடத்தில் கதையை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். இதைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் கடைசியாக, போகிற போக்கில். முதலில் சொன்னால் அதுதான் காதில் நிற்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலையில் இருந்தபோது பிளஸ் ஒன் பையன் ஒருவன் அரைப் பக்கத்தில் ஒரு கதை கொண்டுவந்தான். ஜனவரி உறைபனி, விடியுமுன் அவன் அப்பா உருளைக்கிழங்குத் தோட்டத்தில் செடி செடியாகத் தண்ணீர் தெளிக்கிறார். வெயில் ஏறுவதற்குள் பனியைக் கழுவாவிட்டால் செடி கருகிவிடும் அல்லவா? அவ்வளவுதான் கதை. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ர, ற பிழை பதினொன்று, வட்டம் வட்டமாகச் சுழித்து, அடியில் "நடையில் கவனம் தேவை" என்று எழுதிக் கொடுத்தேன். அவன் அப்புறம் எதுவும் கொண்டுவரவில்லை. "குழந்தைக்கு முகம் கழுவுவது மாதிரி" என்று ஒரு வரி அதில் இருந்தது. முப்பது வருடமாகியும் எனக்கு மறக்கவில்லை. அன்று அந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. பிழைகளைத் திருத்தியது சரிதான், இன்றும் திருத்துவேன். ஆனால் அந்த வரியின் பக்கத்தில் ஒரு கோடாவது போட்டிருக்கலாம்.

இப்போது நீ என்ன செய்வாய் என்றால், மன்னிப்பு அது இது என்று பெரிதாக்க வேண்டாம். குழுவில் எல்லோர் முன்னாலும் பேசாதே. டீ குடிக்கப் போகும்போது தனியாகச் சொல். "உங்கள் கதையை எங்கள் வீட்டில் வாசித்தோம். ஜன்னலைச் சாத்துகிற இடத்தில் அப்பா அடுப்பையே மறந்துவிட்டார்" என்று சொல். பால் பொங்கியது உண்மை, பொய் சொல்வதாக நினைக்காதே. கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு ஒருதரம் படித்துப் பார்க்கச் சொல். வேண்டுமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். வைத்துக்கொள்கிறேன் என்றால் வைத்துக்கொள்ளட்டுமே, கதை அவருடையது. பஸ் ரூட்டை மட்டும் மாற்றச் சொல்லிவிடு.

வர்க்கி இரண்டு பாக்கெட் பார்சல் போட்டிருக்கிறேன், ஒன்று அவருக்கு. ஸ்வெட்டரை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறாயா?

அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். அந்தக் கிழவர் அரவேணுவில் இறங்கினாரா, கோத்தகிரி வரை வந்தாரா? உன் நண்பரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா